படம் பார்க்க நாலு வருஷப் படிப்பா?

கேள்வி: ஐயா, பீடோங்கிலிருந்து எழுதுகிறேன். அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. அம்மா தோட்டத்தில் வேலை செய்து எங்களை ஆளாக்கினார். இப்போது முட்டி வலி, வீட்டோடு இருக்கிறார். நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறேன். தங்கை ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். எழுதி நல்ல புள்ளிகள் வாங்கியிருக்கிறாள். காட்சிக்கலையும் வரலாறும் அவள் எடுத்த பாடங்கள். கணக்கியல் எடு, இல்லாவிட்டால் ஆசிரியர் பயிற்சிக்குப் போ என்றால், கலை வரலாறு படிக்கப் போகிறேன் என்கிறாள். வரையவும் வேண்டாமாம், மற்றவர்கள் வரைந்ததைப் பார்க்க வேண்டுமாம். படம் பார்க்க நாலு வருஷப் படிப்பா என்று மாமா சிரிக்கிறார். அவள் ஆசையைக் கெடுத்த அண்ணன் என்ற பெயரும் எனக்கு வேண்டாம், கடனில் தள்ளிவிட்டவன் என்ற பெயரும் வேண்டாம். இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறதா, இல்லையா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பீடோங், கெடா)

பதில்:

தம்பி, வேலை இருக்கிறது. ஆனால் கணக்கியல் படித்தால் கணக்காளர், தாதிமை படித்தால் தாதி என்பதுபோல, படிப்பின் பெயரையே எழுதி ஒட்டிய நாற்காலி இதற்குக் கிடையாது. அரும்பொருளகங்களில் இடம் எப்போதாவதுதான் காலியாகும். காலியானாலும் தொல்லியல் படித்தவர், மானிடவியல் படித்தவர், வரலாறு படித்தவர் எல்லோரும் அதே வரிசையில் நிற்பார்கள். கசப்பை முதலிலேயே கொடுத்துவிட்டேன், மீதியை நிதானமாகப் பேசுவோம்.

உங்கள் மாமா சிரிப்பதில் அதிசயம் இல்லை. 2014 ஜனவரியில், அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமாவே ஒரு கூட்டத்தில், கலை வரலாற்றுப் பட்டத்தைவிடத் தொழிற்சாலைத் திறன் வேலையில் இளைஞர்கள் அதிகம் சம்பாதிக்கலாம் என்று பேசிவிட்டார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடம் நடத்தும் பேராசிரியை ஒருவர் ஆட்சேபித்து எழுதியதும், தன் கையாலேயே மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பினார். மாமாவிடம் அந்த அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். சம்பள விஷயத்தில் ஒபாமா சொன்னதை முழுப் பொய் என்றும் ஒதுக்க முடியாது. தங்கை பட்டம் வாங்கி வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்களில், ஓ.டி. சேர்த்து நீங்கள் கொண்டுவரும் சம்பளம் அவளுக்கு வராமல் போகலாம். அதை இப்போதே அவளிடம் சொல்லிவையுங்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா தோட்டத்து ஆபீஸில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. அரும்பொருளகச் சேகரிப்புகளைப் பதிவு செய்யும் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். என் வீட்டிலும் ஒரு மாமா இருந்தார், அவரும் சிரித்தார்.

சரி, படம் பார்ப்பது என்றால் என்ன? உங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் அநேகமாக ஒரு லட்சுமி படம் இருக்கும். தாமரையில் நிற்பார், பக்கத்தில் யானை, கையிலிருந்து காசு கொட்டும். பிறந்ததிலிருந்து தினமும் கும்பிட்டிருப்பீர்கள், ஒருநாளும் நின்று பார்த்திருக்க மாட்டீர்கள். இன்றைக்குப் பாருங்கள். முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக இருக்கும். சேலை மடிப்பைத் தொட்டால் கையில் தட்டுப்படும் போலிருக்கும். பின்னால் குளம், மலை, வானம். பழைய கோயில் சிற்பத்திலோ சுவரோவியத்திலோ இப்படி நிழல் விழாது. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையைப் பழகிய ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, சாமி படங்களை வண்ணக் கல்லச்சில் அடித்து மலிவாகப் பரப்பினார். அவருக்குப் பின் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த சாமிகள் சிவகாசியில் காலண்டராக அச்சாயின. கோயிலுக்குள் விடப்படாத சாதியில் பிறந்தவர் வீட்டுச் சுவரிலும் அந்தச் சாமி வந்து நின்றது. அப்படிப்பட்டவர்களில் பலர்தான் கப்பலேறி இங்கே பால்மரம் வெட்ட வந்தார்கள். இப்போது அந்தப் படத்தை மறுபடி பாருங்கள். அதற்குள் ஒரு அச்சு இயந்திரம் இருக்கிறது, ஒரு சாதிக் கதை இருக்கிறது, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் ஒன்றும் இருக்கிறது. கலை வரலாறு என்பது இந்தப் பார்வைதான். கண்ணில் பட்டதைச் சொல்லவும், எப்போது, யார், எதனால், யாருடைய காசில் செய்தார்கள் என்று கேட்கவும், கிடைத்த பதிலைச் சான்றோடு எழுதவும் பழக்குகிறார்கள். அதற்கு நாலு வருஷம் அதிகம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

சம்பளம் கொடுக்கும் இடத்தில் இந்தப் பார்வை எப்படி வேலையாகிறது என்பதற்கு என் வேலையையே சொல்கிறேன். ஒரு பொருள் சேகரிப்புக்குள் வந்தால் முதலில் அதற்கு ஒரு வரவு எண் கொடுப்போம். 1987.12.3 என்று இருந்தால், 1987இல் வந்த பன்னிரண்டாவது தொகுப்பில் மூன்றாவது பொருள் என்று அர்த்தம். என் அப்பா செக்ரோல் என்ற ஆள்கணக்குப் புத்தகத்தில் ஆள் பேரும் நாள் கணக்கும் எழுதியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் எண்ணும் நேரத்தில், யார் வந்தார், யார் வரவில்லை என்று எழுதாவிட்டால் சம்பளத்தில் தகராறு வருவதுபோல, இங்கேயும் எழுதாத பொருள் நாளைக்குக் காணாமல் போனால் கேட்க ஆதாரம் இருக்காது. அப்புறம் நிலை அறிக்கை. வேறு ஊருக்குக் கண்காட்சிக்குப் போகும் பொருளைப் பெட்டியில் வைக்குமுன் ஒவ்வொரு கீறலையும் விரிசலையும் படமெடுத்துக் குறித்துக்கொள்வோம். அங்கே பெட்டியைத் திறக்கும்போது அந்தத் தாளை வைத்து ஒப்பிட்டு இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடும். துணி, காகிதம், நீர்வண்ணம் போன்றவற்றின் மேல் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் விழக்கூடாது, நிறம் வெளுத்துவிடும். வெண்கலத்தில் வெளிர்பச்சைத் தூள் உதிர ஆரம்பித்தால் உள்ளே குளோரைடு உப்பு அரிக்கிறது என்று பொருள். வெண்கல நோய் என்றுதான் சொல்வோம். நம் நாட்டு ஈரக் காற்று அதற்கு நல்ல தீனி. இவற்றில் ஒன்றும் மேடையில் ஏறிக் கைதட்டு வாங்கும் வேலை கிடையாது. குளிரூட்டிய அறையில் கையுறை போட்டுக்கொண்டு பென்சிலால் எழுதும் வேலை. பேனா உள்ளே கொண்டுபோகவே கூடாது.

இதே ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைதான் திருடு போன சாமியையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. அந்தக் கதையை மாமாவுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்று ஒரு சிற்றூர். அங்கே சோழர் காலத்துச் சிவன் கோயில் பூட்டிக் கிடந்தது. உள்ளே இருந்த நடராஜர் திருடு போனதே ஊருக்கு வெகுநாள் தெரியாது. 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து அந்த நடராஜரை 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. கூட வந்த பத்திரங்கள் போலி. அது எப்படிப் பிடிபட்டது தெரியுமா? புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆட்கள் பல பத்தாண்டுகளாகக் கோயில் கோயிலாகப் போய்ப் புகைப்படம் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டகத்தில் இந்த நடராஜர் தன் சொந்தக் கோயிலில் நிற்கும் படம் இருந்தது.

இரண்டு நடராஜர் ஒரே மாதிரி இருக்கக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். தொழிற்சாலையில் இருப்பவர், கட்டாயம் கேட்பீர்கள். உங்கள் இடத்தில் ஒரே அச்சில் லட்சம் துண்டு வரும். சோழர் வெண்கலம் அப்படி வராது. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசி, காயவைத்துச் சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆகவே ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். சிலையைச் சுற்றியுள்ள நெருப்பு வளையமான திருவாசியில் எந்தச் சுடர் முறிந்திருக்கிறது, உலோகம் ஓடாமல் எங்கே குழி விழுந்திருக்கிறது, எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், அது கைரேகை மாதிரி. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கு வந்து அந்த நடராஜரை ஒப்படைத்தார். 2011இல் ஜெர்மனியில் கைதான கபூருக்கு 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அரும்பொருளகமும் தப்பவில்லை. அதே ஸ்ரீபுரந்தான் கோயிலின் உமா பரமேஸ்வரியை 2007இல் 6,50,000 அமெரிக்க டாலருக்கு அதே ஆளிடம் வாங்கியிருந்தார்கள். 2015இல் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

அதற்கு முன்பே லண்டன் நீதிமன்றத்தில் பத்தூர் நடராஜர் வழக்கு நடந்தது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த நாகசாமி சாட்சிக் கூண்டில் ஏறி, சிலையின் வேலைப்பாட்டை வைத்தே அதன் காலத்தையும் ஊரையும் வாதாடினார். நடராஜர் 1991இல் ஊர் திரும்பினார். படம் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் இல்லாமல் அந்த வழக்கு நின்றிருக்குமா என்று மாமாவிடம் கேளுங்கள்.

இப்போது பெரிய அரும்பொருளகங்களும் ஏல நிறுவனங்களும் ஒரு பொருளை வாங்குமுன், விற்குமுன், அது யார் யார் கை மாறி வந்தது என்று தேட ஆள் வைக்கின்றன. காப்புறுதி நிறுவனங்களுக்கும் மதிப்புப் போடத் தெரிந்தவர் தேவைப்படுகிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதையெல்லாம் யாரும் தனி வேலையாக நினைக்கவில்லை.

இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நீங்கள் இருப்பது பீடோங். மோட்டார் சைக்கிளை எடுத்தால் செமெலிங் வழியாக மெர்போக் போக அரை மணி நேரம்கூட ஆகாது. குனோங் ஜெராய் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு அரும்பொருளகம் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை போய், கல்மேல் உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டு, வரும் வழியில் ஐஸ் காச்சாங் சாப்பிட்டுத் திரும்பியிருப்பீர்கள். அங்கே இருக்கும் புக்கிட் பத்து பகாட் சண்டியை (சண்டி என்றால் பழங்காலக் கோயில்) 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் தோண்டிப் பார்த்தார். பிறகு அலஸ்டர் லேம்ப் 1959–60இல் சிதறிய கல்லையெல்லாம் அடுக்கி நிமிர்த்தினார். பின்பக்கம் விமானம் நின்ற மேடை, முன்பக்கம் மண்டபம். மண்டபத் தரையில் வரிசையாகக் குழி வைத்த கற்கள் இருக்கும். கல் தூண் நின்ற இடம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நின்றது மரத் தூணாக இருக்க வேண்டும். கூரையும் கல்லில் இல்லை, மக்கிப் போகிற பொருளில்தான் இருந்திருக்கிறது. அடித்தளத்தில் கல் பேழைகள் கிடைத்தன, உள்ளே சிறு உலோகத் துண்டுகளும் மணிகளும். நம் ஊர்க் கோயிலில் மூலவரை நிறுத்தும்போது அடியில் யந்திரத் தகடும் நவரத்தினமும் வைக்கிறார்களே, உங்கள் அம்மாவைக் கேளுங்கள், உடனே சொல்வார்.

வாட்ஸ்அப்பில் வரும் செய்தியில் இதெல்லாம் ராஜேந்திர சோழன் கட்டியது என்று இருக்கும். 1025இல் அவன் கடற்படை கடாரத்தின் (இன்றைய கெடா) மேல் வந்தது உண்மை, அவனுடைய மெய்க்கீர்த்தியிலேயே இருக்கிறது. அதற்காகக் கெடாவில் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் அவன் தலையில் ஏற்ற முடியாது. மண்டபத்துக்கு மரக்கூரை போட்டவர்கள் இந்த மழையையும் இந்தக் காட்டையும் அறிந்த இந்த ஊர்க்காரர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். மறுபக்கம், பக்கத்துச் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய இடங்கள் கிடைத்தபோது, அவற்றின் வயதை எவ்வளவு பின்னுக்குத் தள்ளலாம் என்று ஆய்வாளர்களுக்குள்ளேயே வாக்குவாதம். இன்னும் ஓயவில்லை. நமக்குப் பெருமை வேண்டும் என்பதற்காகவோ, இன்னொருவருக்குப் பெருமை கூடாது என்பதற்காகவோ பேசாமல், கல்லைப் பார்த்துப் பேசுகிற ஆள் இங்கே குறைவு. அந்த ஆள் தமிழ் தெரிந்த, மலாய் தெரிந்த, பீடோங் பெண்ணாக இருந்தால் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

2013 கடைசியில் அதே பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டியை வீடமைப்புக்காக மேம்பாட்டாளர் இடித்துத் தள்ளினார். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது என்று கருதப்பட்ட இடம். நாடே கொதித்தது, பத்திரிகைகள் எழுதின. ஆனால் அந்த இடம் முறையாக அரசிதழில் பதிவாகவில்லை. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தும், பட்டியலில் ஏற்றாத கல் வெறும் கல்லாகவே போயிற்று. பட்டியலில் ஏற்ற, அது என்ன, எந்தக் காலம், ஏன் முக்கியம் என்று யாராவது உட்கார்ந்து எழுத வேண்டுமே.

எனக்கும் இப்படி ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. நான் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மரத்தில் செதுக்கிய குதிரை வாகனம் ஒன்று இருந்தது. தோட்டத்துத் தச்சர் ஒருவர் ரப்பர் காலத்தில் செய்தது. கழுத்து கொஞ்சம் குட்டை, கண் பெரிது, சேணத்தில் தோட்டத்து லாரியின் பதிவு எண்ணையே பூ வேலைப்பாடு மாதிரிச் செதுக்கி வைத்திருந்தார். தோட்டம் கைமாறி, கோயிலை வேறு இடத்துக்கு மாற்றி, கும்பாபிஷேகத்துக்குப் புது வாகனம் வாங்கினார்கள். பழைய குதிரையை விறகோடு விறகாகக் கொளுத்திவிட்டார்கள். நான் அப்போது அரும்பொருளகத்தில் வேலையில் இருந்தேன், கேட்டிருந்தால் லாரி பிடித்துப் போயிருப்பேன். யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, எனக்கும் முன்கூட்டி ஒரு படம் எடுத்து வைக்கத் தோன்றவில்லை. தோட்டங்கள் வீடமைப்பாகவும் செம்பனையாகவும் மாறிய வேகத்தில் இப்படி எத்தனை முனியாண்டி, எத்தனை மதுரைவீரன் சுதைச் சிலைகள் போயினவோ. இந்தக் கலையைப் பற்றி எழுத வேறு நாட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்று காத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதே அதுதான்.

பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் போகட்டும். கலை வரலாறு என்ற பெயரிலேயே தனி இளங்கலைப் பட்டம் நம் பொதுப் பல்கலைக்கழகங்களில் அரிது. காட்சிக்கலை, நுண்கலை, வரலாறு, தொல்லியல் ஆகியவற்றுக்குள் அது பாடங்களாகக் கலந்திருக்கும். பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. விண்ணப்பத்தில் அந்தப் பெயர் இல்லை என்று அவள் சோர்ந்துவிடக்கூடாது. பினாங்கில் யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) உங்களுக்குப் பக்கம். அங்கே கலைப் பள்ளி இருக்கிறது, தொல்லியல் ஆய்வு மையம் இருக்கிறது, வளாகத்துக்குள்ளேயே துவாங்கு பவுசியா அரும்பொருளகமும் கலைக்கூடமும் இருக்கிறது. சுங்கை பத்துவைத் தோண்டியவர்களும் அந்தப் பல்கலைக்கழகத்தார்தான். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கலை அரும்பொருளகம் உண்டு. எந்தப் படிப்பில் எத்தனை கலை வரலாற்றுப் பாடம் என்று, இந்த ஆண்டுப் பாடத்திட்டத்தைப் பார்த்தே முடிவெடுக்கச் சொல்லுங்கள். அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம். முதல் வகுப்பில் தேறினால் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்க வழியிருக்கிறது, நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளுங்கள்.

இளங்கலைக்கே கடன் வாங்கி லண்டன் போகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டை அடமானம் வைக்கும் அளவுக்கு இந்தப் படிப்பு சம்பளம் கொடுக்காது. வெளிநாடு முதுகலைக்குப் போகலாம், அப்போது உதவித்தொகை தேடலாம். இந்தியா மலிவு, அங்கே பரோடா பல்கலைக்கழகத்துக்குக் கலை வரலாற்றில் பழைய பெயர் உண்டு, சென்னையில் எழும்பூர் அரும்பொருளகத்தின் வெண்கலங்களைத் தினமும் போய்ப் பார்க்கலாம். இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். உதவித்தொகையும் இருக்கிறது. ஆனால் போகுமுன், அந்தப் பட்டத்தை இங்கே அரசு வேலைக்கு ஏற்பார்களா என்று பட்டங்களின் தரத்தைப் பார்க்கும் எம்.கியூ.ஏ., அரசுப் பணியைப் பார்க்கும் ஜே.பி.ஏ. பக்கம் விசாரித்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்தபின் விசாரித்து அழுதவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம், இந்தப் படிப்போடு இன்னொரு கைத்திறன் கட்டாயம் வேண்டும். இது என் அனுபவத்தில் நான் கண்டது, இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். வேதியியல் பிடித்தால் பழம்பொருள்களைப் பழுதுபார்க்கும் துறைக்குப் போகலாம். அந்த ஆட்களுக்கு எப்போதும் பஞ்சம். கணினியில் தரவு ஒழுங்குபடுத்தத் தெரிந்தால் பதிவு வேலை. புகைப்படம், முப்பரிமாணப் படப்பதிவு தெரிந்தால் கண்காட்சிக் குழுக்களும் விளையாட்டுச் செயலி நிறுவனங்களும்கூடக் கூப்பிடும். மொழி பிடித்தால் ஜாவி (அரபு எழுத்தில் எழுதும் மலாய்) கற்கட்டும், கிரந்த எழுத்தும் பழைய தமிழ் எழுத்தும் கற்கட்டும். தமிழ்ப்பள்ளியில் படித்தவள் என்பதால் கல்வெட்டு படிக்க வந்துவிடாது, அது தனிப் பயிற்சி. ஆனால் சுமத்ராவின் பாருஸ் பக்கம் 1088ஆம் ஆண்டில் ஐநூற்றுவர் என்ற வணிகக் குழு வெட்டி வைத்த தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. இப்படிப்பட்டதைப் படிக்க வரிசையில் முன்னால் நிற்கும் உரிமை அவளுக்கு இருக்கிறது. ஆசிரியர் வேலை உங்களுக்குப் பிடித்திருந்தால் அதுவும் கைவிட்டுப் போகவில்லை, பட்டத்துக்குப் பின் ஆசிரியர் பட்டயம் செய்து காட்சிக்கலை கற்பிக்கலாம். ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறியபின் பழைய கட்டடங்களைத் தொடுமுன் ஆய்வறிக்கை எழுதுகிற வேலையும் வந்திருக்கிறது.

இப்படி இரண்டு துறையில் கால் வைத்த ஒருவரைச் சொல்கிறேன். ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தவர், தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் மகன். அவர் படித்தது நிலவியல். இலங்கையின் கனிமங்களை ஆராயும் பொறுப்பில் இருந்தார், தோரியனைட் என்ற கனிமத்தை அடையாளம் கண்டார். கல்லைத் தேடி ஊர் ஊராகச் சுற்றியபோதுதான் கைவினைஞர்களைப் பார்த்தார், அப்படியே பாதை திரும்பியது. 1917 முதல் 1947இல் இறக்கும்வரை பாஸ்டன் நுண்கலை அரும்பொருளகத்தில் இந்தியக் கலைச் சேகரிப்பைப் பார்த்துக்கொண்டார். இன்னும் பக்கத்தில் ஒருவர் வேண்டுமானால் டி.கே. சபாபதி. 1938இல் சிங்கப்பூரில் பிறந்தவர், நான் மேலே சொன்ன அந்தப் பினாங்கு யு.எஸ்.எம்.மிலேயே பாடம் நடத்தியவர். மலேசிய நவீன ஓவியர்களைப் பற்றி ரெட்சா பியாடாசாவோடு சேர்ந்து 1983இல் அவர் எழுதிய நூலைத் தொடாமல் இந்தத் துறையில் யாரும் ஆரம்பிக்க முடியாது. தென்கிழக்காசியக் கலை வரலாற்றில் முதல் வரிசையில் நிற்பது ஒரு தமிழ்ப் பெயர் என்று மாமாவுக்குச் சொல்லலாம். ஆனால் அவரைப்போல் ஆவாள் என்று தங்கையிடம் எதிர்பார்க்க வேண்டாம். பதிவு எழுதும் என்னைப்போல் ஆனாலே போதும், என் வீட்டுக் கடன் அடைந்துவிட்டது.

அவளுக்கு உண்மையிலேயே இதில் மனம் இருக்கிறதா, கணக்கியலிலிருந்து தப்பிக்க ஒரு பெயர் கிடைத்ததா என்று உங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கும். கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். உங்களுக்கு ஷிப்ட் இல்லாத நாளில் அவளை மெர்போக் அழைத்துப் போங்கள். அரும்பொருளகத்தில் ஏதாவது ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு, நோட்டும் பென்சிலும் கொடுத்து ஒரு மணி நேரம் அதன் முன்னால் விட்டுவிடுங்கள். என்ன பார்க்கிறாள் என்று எழுதட்டும். அழகாக இருக்கிறது, பழமையாக இருக்கிறது என்ற இரண்டு சொல்லும் வரக்கூடாது. பத்து நிமிடத்தில் வெளியே வந்து பசிக்கிறது என்றால் கணக்கியலைப் பற்றி மறுபடி பேசுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் நீங்கள் போய்க் கூப்பிட வேண்டியிருந்தால் விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

அந்த ஒரு மணி நேரம் நீங்கள் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டாம். சண்டிக்கு ஏறிப் போய், தூண் குழிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அடியால் அளந்து பாருங்கள். இயந்திரம் ஓட்டும் கை உங்களுக்கு, அளவு சரியாக வரும். அதையும் அவள் எழுதியதையும் எனக்கு அனுப்பி வையுங்கள். மலாயிலோ தமிழிலோ, எது வருகிறதோ அதில் எழுதட்டும்.